ஆற்றுக்கு அயலார்

கேரளத்தின் 44 ஆறுகளில் 41 ஆறுகள் மேற்கு நோக்கி ஓடி அரபிக்கடலைச் சேர்பவை. கபினி, பவானி, பாம்பாறு என்னும் மூன்று மட்டுமே மலையின் மறுபுறம் இறங்கி, காவிரியின் வாயிலாக வங்கக்கடலை அடைகின்றன. பாலக்காடு ஜில்லாவின் அட்டப்பாடி மலைப்பிரதேசத்தில் அமைந்த அகளி, இம்மூன்றினுள் பவானியின் படுகையைச் சேர்ந்த ஊர். அரசாங்கத்தின் பதிவேட்டில் அது கேரளத்தின் பகுதி. ஆயினும் அதன் சரிவுகளில் விழுகிற மழைத்துளி சிறுவாணியிலோ பவானியிலோ இறங்கி, பில்லூரையும் மேட்டுப்பாளையத்தையும் பவானிசாகரையும் சத்தியமங்கலத்தையும் கடந்து, கூடுதுறையில் காவிரியாகிவிடுகிறது. தெற்கே, இடுக்கி ஜில்லாவின் சின்னாறு வனத்தினூடே பாயும் பாம்பாற்றின் கதையும் இதுவே. அது அமராவதியில் சேர்ந்து, அமராவதியாகக் காவிரியை எட்டுகிறது.

இந்த நீரின் அளவு எவ்வளவு, அதில் யாருக்கு எவ்வளவு உரிமை என்பதைப் பற்றி வழக்கும் வாதமும் நெடுங்காலம் நடந்து, 2007ஆம் ஆண்டில் காவிரி நதிநீர்த் தீர்ப்பாயம் கேரளத்துக்கு 30 டி.எம்.சி. என்று நிர்ணயித்து, அதனைக் கபினிக்கு 21, பவானிக்கு 6, பாம்பாற்றுக்கு 3 என்று பிரித்தும் கொடுத்தது. நீரைக் கணக்கிட்ட அளவுக்கு அந்நீரில் வாழும் ஜீவராசிகளைக் கணக்கிடும் சிரத்தை நம்மிடம் இருந்ததில்லை. எந்த மீன் இந்த ஆற்றின் குடி, எது வேறிடத்திலிருந்து வந்து குடியேறியது, வந்ததனால் விளைந்தது என்ன என்னும் வினாக்கள் பெரும்பாலும் ஆய்வாளரின் கட்டுரைகளோடு நின்றுவிட்டன. அவ்வினாக்களை எடுத்துக்கொள்வதே இந்த அத்தியாயத்தின் நோக்கம்.

மலைமுகடு என்னும் மதில்

நீலகிரியின் தென்மேற்குப் பகுதியில் பிறக்கும் பவானி, தெற்கு நோக்கி இறங்கிவந்து, முக்காலி என்னும் இடத்தில் திடீரெனத் திசைமாறி, வடகிழக்காகத் திரும்பி அட்டப்பாடியை ஊடறுத்துச் செல்கிறது. அதற்கு மேற்கே உள்ள மலைத்தொடரின் அப்பால், சைலண்ட் வேலிக் காட்டினூடே குந்திப்புழை இறங்குகிறது. அது தூதப்புழையாகிப் பாரதப்புழையில் கலந்து பொன்னானியில் கடலைத் தொடுகிறது. இவ்விரண்டு நீரோட்டங்களுக்கும் இடையிலுள்ள தூரம் ஒரு பறவைக்குப் பொருட்டன்று. யானைக்கும் அது பெரிய தூரமன்று. ஆனால் நன்னீர் மீனுக்கு அந்த மலைமுகடு சமுத்திரத்தைப் போலவே கடத்தற்கரியது. உப்புநீரில் உயிர்தரிக்க மாட்டாத மீன், ஓர் ஆற்றின் முகத்துவாரத்தில் வெளியேறி மற்றோர் ஆற்றின் முகத்துவாரத்தில் நுழைய முடியாது. முகடேறி மறுசரிவில் இறங்கவும் முடியாது. ஆதலால் ஒவ்வொரு படுகையும் அதற்குள் வாழ்கிற மீன்களுக்கு ஒரு தனித்தீவு. அத்தீவில் லட்சக்கணக்கான ஆண்டுகள் தனித்து வாழ்ந்து, அங்குள்ள பாறைக்கும் வேகத்திற்கும் வெள்ளத்திற்கும் ஏற்றபடி உருவும் சுபாவமும் மாறி, உலகில் வேறெங்கும் காணப்படாத தனி இனங்களாக அவை பிரிந்துபோயின. மேற்குத்தொடர்ச்சி மலையின் ஆறுகள் அளவிற் சிறியனவாயினும் மீனினங்களில் செழித்திருப்பதற்கு இத்தனிமையே முதற்காரணம்.

இதிலிருந்து பெறப்படும் உண்மை ஒன்று உண்டு. நீர்வாழ் உயிரைப் பொறுத்தவரை சுதேசி, அந்நியம் என்ற பாகுபாட்டை நாட்டின் எல்லையும் மாநிலத்தின் எல்லையும் தீர்மானிப்பதில்லை. படுகையின் எல்லையே தீர்மானிக்கிறது. ஆப்பிரிக்காவின் மீன் பவானிக்கு எவ்வளவு அந்நியமோ, கங்கையின் மீனும் கிருஷ்ணையின் மீனும், ஏன், மலைக்கு அப்பாலுள்ள குந்திப்புழையின் மீனுங்கூட, அவ்வளவே அந்நியம்.

அந்நியமாக வருவதெல்லாம் ஆக்கிரமிப்பாகிவிடும் என்று எண்ணுதல் தவறு. 1958ஆம் ஆண்டில் இப்பொருள்பற்றி முதன்முதலாக விரிந்த நூலொன்றை எழுதிய ஆங்கிலேய உயிரியலாளர் சார்லஸ் எல்டன் காலந்தொட்டே விஞ்ஞானிகள் கண்டறிந்துவந்த உண்மை என்னவெனில், புது இடத்தில் விடப்படும் உயிர்களிற் பெரும்பாலானவை மாய்ந்துபோகின்றன. எஞ்சியவற்றுள் பல, ஒரு மூலையில் ஒதுங்கி வாழ்கின்றன. மிகச்சில மட்டுமே கட்டுமீறிப் பெருகி, முன்னிருந்த குடிகளின் உணவையும் இடத்தையும் கவர்ந்துகொள்கின்றன. அந்தச் சில எவை என்பதை முன்கூட்டி அறிவது கடினம் என்பதிலேதான் ஆபத்தெல்லாம் அடங்கியிருக்கிறது. ஆற்றின் தலையிலிருந்து அடிவரை இறங்கிப் பார்ப்போமானால், இந்த மூன்று நிலைகளுக்கும் பவானியிலேயே உதாரணங்கள் கிடைக்கும்.

உச்சியில் ட்ரவுட், அடியில் ஜிலேபி

நீலகிரியின் உச்சிப் புல்வெளிகளில் ஊறிவரும் ஓடைகள் குளிர்ந்தவை. அவற்றில் பெரிய மீன்கள் இல்லை. உதகமண்டலத்தில் குடியேறிய ஆங்கிலேயருக்கு இது ஒரு குறையாகத் தோன்றிற்று. தங்கள் நாட்டு ஓடைகளில் தூண்டிலிட்டுப் பழகிய ட்ரவுட் மீனை இங்கும் வளர்க்கவேண்டுமென்று பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே முயன்று தோற்றார்கள். இருபதாம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் எச்.சி. வில்சன் என்பவரின் பிரயத்தனத்தால் அவலாஞ்சியில் பொரிப்பகம் அமைந்தபின், வானவில் ட்ரவுட் அங்கே நிலைபெற்றுவிட்டது. மேல் பவானி நீர்த்தேக்கத்திலும் அவலாஞ்சியிலும் அதன் சந்ததி இன்றும் உண்டு. நீர்ப்பூச்சிகளையும் தலைப்பிரட்டைகளையும் சிறு ஜந்துக்களையும் தின்று வாழும் இந்த மீன், அந்த உயரத்து ஓடைகளின் பழைய வாழ்வை மாற்றியிருக்கும் என்பதில் ஐயமில்லை. ஆனால் குளிர்ந்த நீரும் மிகுந்த பிராணவாயுவும் அதற்கு இன்றியமையாதவை. மலையிறங்கி அட்டப்பாடியின் வெதுவெதுப்பான நீருக்கு வந்தால் அது தாக்குப்பிடிக்காது. நீரின் உஷ்ணமே அதற்கு வேலி. நாம் போடாத அந்த வேலி இருந்ததனால், நூறாண்டு கடந்தும் அந்த அந்நியன் தன் மூலையைவிட்டு வெளிவரவில்லை.

ஆற்றின் அடிப்பகுதியில் நிலைமை வேறு. அங்கே ஆதிக்கம் பெற்றது தமிழ்நாட்டுச் சந்தைகளில் ஜிலேபி என்று விற்கப்படும் மொசாம்பிக் திலாப்பியா. தென்கிழக்கு ஆப்பிரிக்காவின் கழிமுகங்களும் ஆறுகளும் அதன் தாயகம். 1930களின் இறுதியில் சாவகத் தீவின் தென்கரைக் கழிமுகமொன்றில் இந்த மீன்கள் சில அகப்பட்டன என்றும், அச்சிலவற்றின் வழித்தோன்றல்களே ஆசியா முழுதும் பரவின என்றும் மீன்வள நூல்கள் கூறும். யுத்தகாலத்துப் பஞ்சத்தில், எந்தக் குட்டையிலும் எந்த உணவிலும் வளரக்கூடிய மீன் என்ற புகழ் அதற்கு உண்டாயிற்று. 1952ஆம் ஆண்டில் அது இந்தியாவுக்கு வந்து, மண்டபத்தில் இறங்கிற்று. ஏழைக்குப் புரதம் கொடுக்க வேண்டும் என்ற நல்லெண்ணமே அதைக் கொண்டுவந்தவர்களின் உத்தேசம்.

இந்த மீனின் வெற்றிக்கு ரகசியம் அதன் பிள்ளைப்பேற்றில் உள்ளது. நம் பெருங்கெண்டைகள் ஆண்டுக்கு ஒருமுறை, புதுவெள்ளம் வரும் பருவத்தில், லட்சக்கணக்கான முட்டைகளை நீரில் இட்டுவிட்டுப் போய்விடுகின்றன. அவற்றில் மீனாகி வளர்பவை வெகு சொற்பம். திலாப்பியாவின் பெண்ணோ சில நூறு முட்டைகளே இடுகிறது. ஆனால் அவற்றை வாயில் அள்ளிக்கொண்டு, குஞ்சு பொரித்துத் தாமே நீந்தும் பருவம்வரை வாயிலேயே வைத்துக் காப்பாற்றுகிறது. வெள்ளத்திற்காகக் காத்திராமல் ஆண்டில் பலமுறை ஈனுகிறது. சில மாதங்களிலேயே பருவமடைகிறது. இடநெருக்கடி வந்தால் உடல் சிறுத்து, அச்சிறு உடலோடே இனம்பெருக்குகிறது. ஓடும் ஆற்றில் இத்திறமைகள் அவ்வளவு பயன்படுவதில்லை. கூடு தோண்டுவதற்கு ஆண்மீனுக்கு அமைதியான ஆழமற்ற நீரும் மென்மையான தரையும் வேண்டும். அணைகள் அதற்கு வேண்டியதையெல்லாம் அமைத்துக் கொடுத்தன. 1950களில் பவானிசாகரும் அமராவதியும் கட்டப்பட்டு, ஆறுகள் ஏரிகளாய் நின்றபோது, வேகநீரில் வாழப் பிறந்த சுதேச மீன்கள் திகைத்து நிற்க, நின்ற நீரை வேண்டி நின்ற இந்த மீன் உள்ளே புகுந்தது. பாம்பாற்றின் நீர் சென்றுசேரும் அமராவதி நீர்த்தேக்கத்தின் பிடிப்பில் ஜிலேபியே பெரும்பங்கு வகிக்கும் நிலை பின்னாளில் ஏற்பட்டது. 1959ஆம் ஆண்டிலேயே இந்திய மீன்வள ஆராய்ச்சிக் குழு இதனை மேலும் பரப்பலாகாது என்று தடைவிதித்தது. ஆனால் வாயில் குஞ்சுகளைச் சுமந்து திரியும் மீனுக்கு எழுத்தில் விதித்த தடை ஒரு பொருட்டாகவில்லை.

நியாயத்தின்பொருட்டு மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். இலங்கையின் உலர்பிரதேசக் குளங்களில் பெரிய மீன்கள் அரிதாயிருந்த நிலையில், திலாப்பியா அங்கே ஒரு மீன்பிடித்தொழிலையே உண்டாக்கிற்று. இன்றும் கிராம மக்கள் பலருக்கு மலிவான மீன் அதுவே. ஒரே உயிர் ஓரிடத்தில் வரமாகவும் மற்றோரிடத்தில் வினையாகவும் அமையக்கூடும் என்பதற்கு இது சான்று. ஆகவே அந்நியத் தன்மையை மட்டும் கொண்டு எதையும் வெறுக்கவேண்டியதில்லை. எந்த நீரில், எந்தக் குடிகளின் நடுவே அதை விடுகிறோம் என்பதே கேட்கவேண்டிய கேள்வி.

காவிரிப் படுகையில் அக்கேள்வி கேட்கப்படவில்லை. திலாப்பியா மட்டுமல்ல, கட்லா, ரோகு, மிர்கால் என்று நாம் நம் மீன்களாகவே கருதிப் பழகிவிட்ட பெருங்கெண்டைகளும் வடநாட்டு ஆறுகளிலிருந்து கொண்டுவந்து இங்கே விடப்பட்டவை. அணைகளும் புதுமீன்களும் ஒருங்கே வந்தபின், காவிரியின் பழைய கெண்டைகள் பலவற்றின் பிடிப்பு மேட்டூரில் தேய்ந்துபோயிற்று.

பெயரில்லாத பெருமீன்

உச்சிக்கும் அடிக்கும் நடுவே, பாறைகளும் சுழிகளும் ஆழ்ந்த மடுக்களும் நிறைந்த பகுதிகள்தாம் மஹாசீர் என்னும் பெருமீன்களின் ராஜ்யம். காவிரியிலும் அதன் மலைக்கிளைகளிலும் வாழ்ந்த மஹாசீர், முதுகில் எருதின் திமில்போல் உயர்ந்த தோற்றமுடையது. துடுப்புகளில் செம்மஞ்சள் சாயல். உலகின் கெண்டை வகைகளில் மிகப் பெரியனவற்றுள் அது ஒன்று. 1946ஆம் ஆண்டில் கபினியில், மைசூரைச் சேர்ந்த வான் இங்கன் என்பவர் தூண்டிலிட்டுப் பிடித்த மீன் 120 ராத்தல், அதாவது 54 கிலோவுக்கு மேல், எடையிருந்தது. தூண்டிலில் அகப்பட்ட மஹாசீர்களுள் அதனை விஞ்சியதாகப் பதிவில்லை.

இத்தனை கீர்த்திபெற்ற மீனுக்கு, சாஸ்திர முறைப்படி ஒரு பெயர் இருபத்தோராம் நூற்றாண்டு வரை நிலைபெறவில்லை என்றால் வாசகர் வியப்பார். மஹாசீர்கள் எல்லாம் ஒன்றுபோலத் தோன்றுபவை. ஒரே ஆற்றில் பிடித்த மீன்களிலேயே உதடும் நிறமும் உடலமைப்பும் வேறுபடும். ஆகவே தென்னிந்திய மஹாசீர் என்றால், 1839ஆம் ஆண்டில் சைக்ஸ் என்னும் ராணுவ அதிகாரி பூனாவுக்கு அருகிலுள்ள ஆற்றிலிருந்து வருணித்த டோர் குத்ரீ என்ற இனமே என்று பலரும் கொண்டுவிட்டனர். அந்த ஆறு கிருஷ்ணையின் படுகையைச் சேர்ந்தது. அம்மீனின் துடுப்புகள் நீலம். காவிரியின் திமில் மீன் அதனினின்றும் வேறு என்பதைத் தூண்டில்காரர்கள் கண்ணால் அறிந்திருந்தும், அரசாங்கத்தின் மீன்துறைகள் அறிந்திருக்கவில்லை.

1970களில் லோணாவ்லாவில் டாட்டா மின்சாரக் கம்பெனியின் பொரிப்பகம், அருகிவந்த மஹாசீரைக் காப்பாற்றும் சிறந்த நோக்கத்தோடு, குத்ரீ மீனைச் செயற்கை முறையில் பொரிக்கும் வித்தையைக் கைவரப்பெற்றது. அங்கே வளர்ந்த குஞ்சுகள் பல மாநிலங்களுக்கு வழங்கப்பட்டன, காவிரியிலும் விடப்பட்டன. காவிரியில் மஹாசீர் குறைகிறது, ஆகவே மஹாசீரை விடுவோம் என்ற எளிய நியாயம் யாருக்கும் பிழையாகத் தோன்றவில்லை. மனிதர் அழிப்பதற்காகச் செய்த காரியமன்று அது. காப்பதற்காகச் செய்த காரியம்.

விளைவு என்னவாயிற்று என்பதைத் தூண்டில்காரர்களின் குறிப்பேடுகளே காட்டிக்கொடுத்தன. காவிரிக் கரையில் கர்நாடகத்துக் கலிபோரே என்னும் இடத்திலிருந்த தூண்டில் முகாமில், பிடித்த மீனை எடைபார்த்து மீண்டும் ஆற்றிலேயே விடுவது வழக்கம். ஒவ்வொன்றும் ஏட்டில் குறிக்கப்பட்டது. 1998 முதல் 2012 வரையிலான அந்தக் குறிப்புகளை ஏட்ரியன் பிண்டர், ராஜீவ் ராகவன், ராபர்ட் பிரிட்டன் ஆகியோர் ஆராய்ந்து பார்த்தபோது, நீலத்துடுப்பு மீன்களின் தொகை ஆண்டுக்காண்டு ஏறிக்கொண்டே போயிற்று. திமில் மீன்களின் தொகை இறங்கிக்கொண்டே வந்தது. அகப்பட்ட சில திமில் மீன்களும் மேன்மேலும் பெரியனவாக இருந்தன. மேலோட்டமாகப் பார்ப்பவருக்கு இது நற்செய்தியாகத் தோன்றும். ஆனால் உண்மை நேர்மாறானது. சிறுமீன்கள் அகப்படவில்லை என்றால் சிறுமீன்கள் இல்லை என்று பொருள். முதியவை மட்டும் எஞ்சி, அவற்றின் பின்னே சந்ததி வரவில்லை என்று பொருள். மணல் வாருதலும் அணைகளும் வெடிவைத்து மீன்பிடித்தலும் இதற்குக் காரணங்களே. எனினும் அதே ஆற்றில், அதே துன்பங்களின் நடுவே, வந்தேறிய மஹாசீர் மட்டும் செழித்து ஓங்கியதை நோக்கும்போது, உணவுக்கும் இடத்துக்கும் நடந்த போட்டியில் பழங்குடி தோற்றது என்றே ஆராய்ச்சியாளர் கருதினர்.

திமில் மீனுக்கு முறையான பெயர் வந்த வழி நம்மை மீண்டும் இடுக்கியின் மலைச்சாரலுக்கு அழைத்துச் செல்கிறது. சின்னாறு வனத்துப் பாம்பாற்றிலிருந்து பிடித்த மஹாசீரை மதுசூதனக் குருப்பும் ராதாகிருஷ்ணனும் தனி இனமென்று வருணித்து, இந்திய விலங்கியல் ஆய்வகத்தைச் சேர்ந்த மீனியல் அறிஞர் ரமாதேவியைச் சிறப்பிக்கும் வகையில் டோர் ரமாதேவீ என்று பெயரிட்ட கட்டுரை 2011ஆம் ஆண்டில் வெளியாயிற்று. அது சிறிய மீன்களைக் கொண்டு செய்த வருணனை. காவிரியின் பெருமீனோடு அதனை யாரும் தொடர்புபடுத்தவில்லை. பின்னர் பவானியில் கலக்கும் மோயாற்றில் பிடித்த திமில் மீன்களின் உடலமைப்பையும் மரபணுவையும் ஒப்பிட்டு, இரண்டும் ஒன்றே என்று 2018ஆம் ஆண்டில் பிண்டரும் சகாக்களும் நிறுவினர். அதே ஆண்டில் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அதனை மிகக் கடுமையான அபாயத்திலுள்ள இனங்களின் வரிசையில் சேர்த்தது. பெயர் கிடைத்த ஆண்டுகளிலேயே மரண அபாயமும் எழுதப்பட்ட ஜீவன் அது. பெயர் ஐம்பது ஆண்டுகளுக்கு முன் கிடைத்திருந்தால், பூனாவின் மீனைக் காவிரியில் விடுவதற்குமுன் யாரேனும் ஒருவர் தயங்கியிருக்கக்கூடும்.

பாயலும் வண்டும்

இனம் அறியாமையால் வந்த தீங்குக்கு மஹாசீரின் கதை சான்று. இனம் அறிந்ததனால் வந்த நன்மைக்குச் சான்று ஒரு தாவரத்தின் சரித்திரத்தில் உண்டு. மலையாளிகள் ஆப்பிரிக்கப் பாயல் என்றழைக்கும் சால்வினியா, நீர்மேல் மிதக்கும் ஒரு பெரணி. கணுவுக்கு மூன்று இலைகள். இரண்டு மேலே மிதக்க, மூன்றாவது வேர்போல் பிளவுபட்டு நீருள் தொங்கும். இலையின் மேற்புறத்து மயிர்களின் நுனி தயிர் கடையும் மத்தின் தலையைப்போல் வளைந்து கூடியிருப்பதால், காற்று அதில் சிறைப்பட்டு, இலையை நனையவிடாமலும் மூழ்கவிடாமலும் காக்கிறது. வித்து இட்டு விருத்தியாகும் ஆற்றல் அதற்கு இல்லை. உடைந்த ஒவ்வொரு துண்டும் புதுச்செடியாகும். சத்துமிகுந்த வெதுவெதுப்பான நீரில் சில தினங்களிலேயே இருமடங்காகிவிடும். அவ்வாறு அடர்ந்து மூடிய பாயலின் கீழ் ஒளி புகாது; ஒளியின்றி நீருள் வளரும் சுதேசச் செடிகள் மடியும்; அழுகும் பாயல் பிராணவாயுவை உண்ணும்; மீனும் மூச்சுமுட்டிச் சாகும்.

1939ஆம் ஆண்டில் தாவரவியல் கல்விக்காகக் கொழும்புக்குக் கொண்டுவரப்பட்ட இச்செடி சில ஆண்டுகளுக்குள் இலங்கையின் வயல்களில் பரவிற்று. கேரளத்தில் 1955இல் திருவனந்தபுரத்தை அடுத்த வேளிக் காயலில் அது காணப்பட்டது. 1960களின் நடுவில் குட்டநாட்டின் கால்வாய்களையும் நெல்வயல்களையும் மூடிக்கொண்டது. படகுப் போக்குவரத்தும் மீன்பிடிப்பும் தடைப்பட்டன. மலைமேலுள்ள இடுக்கி, கக்கி நீர்த்தேக்கங்களையும் அது விட்டுவைக்கவில்லை. ஓடும் மலையாற்றில் ஒருநாளும் தங்கமாட்டாத செடி, ஆறு நிறுத்தப்பட்ட இடத்தில் தங்கிவிட்டது.

இதற்குப் பகையாகும் பூச்சியைத் தேடியவர்கள் முதலில் இடறிவிழுந்தது பெயரில்தான். இச்செடி சால்வினியா ஆரிகுலேட்டா என்ற தென்னமெரிக்க இனம் என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. ஆகவே டிரினிடாட் முதலிய இடங்களில் அந்த இனத்தைத் தின்னும் வெட்டுக்கிளியையும் வண்டையும் பிடித்துப் பல நாடுகளில் விட்டனர். கேரளத்திலும் 1970களில் அவ்வெட்டுக்கிளி விடப்பட்டது. பூச்சிகள் சில இடங்களில் பிழைத்தன, பாயல் குறையவில்லை. 1972ஆம் ஆண்டில்தான் ரொடீஷியாவின் டி.எஸ். மிட்செல், இது வேறோர் இனம் என்று நிறுவி, சால்வினியா மொலெஸ்டா என்று பெயரிட்டார். இனம் இன்னதென்று தெரிந்தபின் அதன் தாயகத்தைத் தேடுவது சாத்தியமாயிற்று. 1978இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் அதனைத் தென்கிழக்கு பிரேசிலில் கண்டனர். அங்கே அச்செடியைத் தின்றுகொண்டிருந்தது இரண்டு மில்லிமீட்டர் நீளமுள்ள ஒரு கருவண்டு. முன்பு தோற்ற வண்டே இது என்று முதலில் எண்ணினார்கள். பிறகு அதுவும் புதிய இனமே என்று தெரிந்து, 1985இல் சிர்டோபேகஸ் சால்வினியே என்ற பெயர் பெற்றது.

1980இல் குவீன்ஸ்லாந்தின் மூண்டரா ஏரியில் இவ்வண்டுகளை விட்டனர்; ஏறத்தாழ ஓராண்டுக்குள் ஏரியை மூடியிருந்த பாயல் கரைந்துபோயிற்று. முதிர்ந்த வண்டு மொட்டைத் தின்ன, புழு தண்டைத் துளைத்து உட்செல்ல, செடி பழுப்பேறி மூழ்கிவிடும். பப்புவா நியூகினியின் சில நீர்நிலைகளில் மட்டும் வண்டுகள் முதலில் பெருகவில்லை. காரணம் ஆராய்ந்தபோது, அங்கே பாயலில் நைட்ரஜன் சத்துக் குறைந்திருந்தமையால் வண்டுக்குப் போதிய ஊட்டமில்லை என்று தெரிந்தது. களையின்மேல் சிறிது யூரியா தூவினார்கள். களைக்கு உரமிடுவதென்ற விபரீதமான யோசனை பலித்தது. ஊட்டம் பெற்ற வண்டுகள் பெருகிக் களையை வென்றன. இம்முயற்சிகளுக்காக ஆஸ்திரேலியக் குழுவினருக்கு 1985ஆம் ஆண்டின் யுனெஸ்கோ விஞ்ஞானப் பரிசு கிடைத்தது.

1980களின் முற்பகுதியில் இவ்வண்டு பெங்களூருக்கு வரவழைக்கப்பட்டு, நெல்லையும் பிற பயிர்களையும் தொடாது என்று சோதிக்கப்பட்டபின் வெளியிலும் விடப்பட்டது. கேரள வேளாண் பல்கலைக்கழகம் அதனைக் கேரளத்து நீர்நிலைகளில் பரப்பிற்று. வயலில் பாயலை வாரியெடுக்க ஹெக்டேருக்கு 235 ரூபாய் செலவானது என்று அக்காலக் கணக்கு கூறும். சில ஆண்டுகளில் பல இடங்களில் அச்செலவுக்கே அவசியமில்லாமற் போயிற்று. பாயல் அடியோடு ஒழிந்துவிடவில்லை, ஒழியவும் ஒழியாது. செடி குறைந்தால் வண்டும் குறையும். செடி தழைத்தால் வண்டும் தழைக்கும். தாயகத்தில் இருந்த சமநிலை இங்கும் ஏற்பட்டது, அவ்வளவே.

வருமுன் காத்தல்

பாயலுக்குக் கிடைத்த இந்த மருந்து மீனுக்குக் கிடைக்காது. சால்வினியாவை மட்டும் தின்னும் வண்டு இயற்கையில் உண்டு. குத்ரீ மஹாசீரை மட்டும் தாக்கி, அதன் உறவினனாகிய திமில் மஹாசீரை விட்டுவிடும் பகைவன் ஏதுமில்லை. வலைக்கும் இரண்டும் ஒன்றே. ஓடும் ஆற்றில் நிலைபெற்றுவிட்ட மீனை வேரறுத்த தேசம் உலகில் அரிது. ஆதலின் மீன்களின் விஷயத்தில் வருமுன் காத்தலைத் தவிர வேறு உபாயம் இல்லை என்றே சொல்லலாம்.

வரக்கூடியவை எவை என்பதும் தெரியாத ஒன்றன்று. இந்திய அரசாங்கம் 2000ஆம் ஆண்டில் தடைவிதித்த ஆப்பிரிக்கக் கெளுத்தி, காற்றையும் சுவாசித்து, எதையும் தின்று, பெருத்து வளர்வது. தடைக்குப் பின்னும் குட்டைகளில் வளர்க்கப்படுகிறது. கண்ணாடித் தொட்டியைச் சுத்தம் செய்வதற்காக வாங்கப்படும் டேங்க் கிளீனர் மீன், தொட்டிக்கு மிஞ்சி வளர்ந்ததும் குளத்திலும் ஆற்றிலும் கொட்டப்படுகிறது. கரையைத் துளைத்து வளை தோண்டி, அங்கே முட்டையிட்டுப் பெருகுகிறது. 2018ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதப் பெருவெள்ளத்தின்போது கேரளத்தில் பண்ணைகளும் குளங்களும் உடைந்து, தென்னமெரிக்காவின் அரபைமா என்னும் ராட்சத மீன் சாலக்குடி ஆற்றில் அகப்பட்டது. வெள்ளம் பண்ணைக்குளத்துக்கும் ஆற்றுக்கும் இடையிலுள்ள வரப்பை அறியாது. ஆற்றங்கரையில் அந்நிய மீனை வளர்ப்பதும் அதனை ஆற்றிலேயே விடுவதும், ஒரு பெருமழை அளவே வேறுபட்டவை.

அட்டப்பாடியைப் போன்ற மலைப்பிரதேசத்துக்கு இதில் ஒரு தனிப்பொறுப்பு உண்டு. உச்சியிலும் அடியிலும் அந்நியர்கள் குடியேறிவிட்ட ஆற்றில், வேகமும் பாறையுமாக எஞ்சியிருக்கும் நடுப்பகுதிகளே பழைய மீன்களுக்குப் புகலிடம். அங்கே ஒரு தடுப்பணை எழுந்து நீர் நின்றால், நின்ற நீருக்கு உரிய விருந்தாளிகள் பின்னோடு வருவார்கள் என்பதைப் பவானிசாகரும் அமராவதியும் இடுக்கியும் நமக்குக் கற்பித்திருக்கின்றன. அந்த நீர்த்துறைகளில் தலைமுறை தலைமுறையாக மீன்பிடித்துவரும் இருளருக்கும் முடுகருக்கும் குறும்பருக்கும், எந்த மடுவில் எந்த மீன் உண்டு, எது புதிதாக வந்தது என்பது தெரிந்திருக்கும்; மீன்குஞ்சுகளை லாரியில் ஏற்றி வருமுன் அவர்களைக் கேட்பது, சாஸ்திர ஆராய்ச்சிக்கு எவ்வகையிலும் இழுக்கன்று.

அந்நிய உயிர்களைத் தடுப்பதற்கு நம் நாட்டில் இப்போதுள்ள ஏற்பாடுகளின் நோக்கெல்லாம் பெரும்பாலும் துறைமுகத்தையும் விமான நிலையத்தையும் பற்றியே இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து வருவதே அந்நியம் என்ற எண்ணம் அதற்கு அடிப்படை. காவிரியின் பெருமீனை அபாயத்துக்கு உள்ளாக்கியதோ, எந்தத் துறைமுகத்தையும் கடக்காமல், லோணாவ்லாவிலிருந்து நிலவழியாக வந்த ஓர் இந்திய மீன். எந்தப் படுகையில் மீன் விடப்படுகிறதோ அந்தப் படுகையின் தாய்மீனிலிருந்து பொரித்த குஞ்சை மட்டுமே விடுவது என்று ஒரு விதி செய்வதற்குப் புதிய விஞ்ஞானமோ பெரும் பொருட்செலவோ தேவையில்லை. இனங்கள் இன்னவென்று இப்போது தெரிந்துவிட்டது. பாம்பாற்றின் மீனுக்குப் பெயரும் கிடைத்துவிட்டது. இனிமேலும் தவறான மீனை விடுவோமானால், அதற்கு அறியாமையைக் காரணம் சொல்ல முடியாது.